மரக்கன்றுப் பிராயச்சித்தம்

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னால், வத்திராயிருப்புக்குச் சாலை பிரியும் கிருஷ்ணன்கோவிலில் நின்று, மேற்கு வானத்தை அடைத்து நிற்கும் மலையைக் காட்டி, வெயில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது, மழை ஏன் முறை தவறிப் பெய்கிறது என்று யாரைக் கேட்டாலும், தயக்கமின்றிக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: மரத்தை வெட்டினோம், மழை போயிற்று, மரத்தை நட்டால் எல்லாம் சரியாகிவிடும். படித்தவர் படியாதவர், ஆஸ்திகர் நாஸ்திகர், ஆளும் கட்சி எதிர்க்கட்சி என்ற பேதமின்றி இந்நாட்டில் ஏகமனதாக ஒப்புக்கொள்ளப்பட்ட அபிப்பிராயங்கள் மிகச் சில; அவற்றுள் இது ஒன்று. ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று பஸ்ஸின் முதுகிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதியிருப்பதை நாம் பிள்ளைப் பிராயத்திலிருந்து வாசித்து வருகிறோம். வாசித்து வாசித்து, அது பரீட்சிக்கத் தேவையில்லாத உண்மையாகவே மனத்தில் நிலைத்துவிட்டது. இத்தனை பேர் கைகூப்பி வணங்கும் ஒரு கருத்தை மறுக்கப் புகுந்தவனை மரத்துக்கு விரோதி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நாம் மறுப்பது மரத்தின் மகிமையையன்று என்பதையும், மரம் ஒருநாளும் ஏற்றுக்கொள்ளாத ஒரு கடனை அதன் தலையில் எழுதிவிட்டுக் கடன்காரர்கள் நிம்மதியாக உறங்குவதைத்தான் என்பதையும், வாசகர் சற்றுப் பொறுமையோடு கேட்பாரானால் விளக்கிவிடலாம்.

முதலில் இந்த அபிப்பிராயத்தின் பிறப்பைப் பார்ப்போம். இது நம் பாட்டன்மாரின் அனுபவத்திலிருந்து நேராக வந்தது என்று பலரும் கருதுகிறார்கள். ஒரு பகுதி அப்படித்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் காடு அழிந்தால் தேசத்தின் மழை அழியும் என்ற எண்ணத்தைச் சித்தாந்தமாகவும் அரசாங்கக் காரியமாகவும் ஆக்கியவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர்கள். எட்வர்ட் பால்ஃபர் என்பவர் 1840-களில் சென்னையில் இருந்துகொண்டு மரங்களுக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி எழுதினார். இன்னொரு டாக்டரான ஹியூ கிளெக்ஹார்ன் 1856-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். அதே 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் புகை கக்கிக்கொண்டு புறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் ஆல்பனி நகரில் கூடிய விஞ்ஞானிகள் சபையில், யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணியின் சிறு கட்டுரையொன்றை, அவருக்காக ஜோசப் ஹென்றி என்ற பேராசிரியர் வாசித்தார். அந்த அம்மையார் செய்த பரிசோதனை எளியது: இரண்டு கண்ணாடிக் குழாய்களில் வெப்பமானிகளை வைத்து, ஒன்றில் சாதாரணக் காற்றையும் மற்றொன்றில் கரியமில வாயுவையும் நிரப்பி வெயிலில் வைத்தார், கரியமில வாயு நிரம்பிய குழாய் அதிகமாகச் சூடேறியது, நிழலுக்குக் கொண்டுவந்த பிறகும் ஆற வெகுநேரம் பிடித்தது. நம் வாயுமண்டலத்தில் இந்த வாயு மிகுந்தால் பூமியின் உஷ்ணமும் மிகும் என்று அவர் அனுமானித்தார். ஒரே ஆண்டில் நடந்த இம்மூன்று காரியங்களில் முதலாவதை நாம் நினைவில் வைத்துக்கொண்டோம், இரண்டாவதில் ஏறிக்கொண்டோம், மூன்றாவதை மறந்துபோனோம்.

சுதந்திரம் வந்த பிறகு, 1950-இல், மத்திய உணவு மந்திரியாயிருந்த கே. எம். முன்ஷி ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் வன மகோத்சவம் கொண்டாடும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராயிருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பி. எஸ். குமாரசாமி ராஜா என்பது இந்த வட்டாரத்தார் பெருமையோடு நினைக்கத்தக்க விஷயம். முன்ஷியின் காலத்தில் அந்த உத்சவத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன: விறகுப் பஞ்சம், மண் அரிப்பு, தழையுரத்துக்குத் தட்டுப்பாடு. பூமியின் உஷ்ணத்தைத் தணிப்பதற்காக மரம் நடுங்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வேலையை மரத்திடம் ஒப்படைத்தவர்கள் பின்னால் வந்த நாம்தான்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் போகிறவர்கள் கரிமூட்டம் போடுவதைக் கண்டிருப்பார்கள். சீமைக்கருவேல விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் பூசி மெழுகி, காற்றுக்குச் சிறு துவாரங்கள் மட்டும் விட்டுத் தீயிட்டால், உள்ளே விறகு நாட்கணக்கில் கனிந்துகொண்டிருக்கும். கனமாகவும் வெண்மையாகவும் வந்துகொண்டிருந்த புகை மெலிந்து நீலம் பாரித்ததும், விறகு கரியாகிவிட்டது என்று மூட்டக்காரர் தெரிந்துகொண்டு துவாரங்களை அடைத்துவிடுவார். சாலையில் காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ‘இந்தப் புகைதான் ஐயா உலகத்தைச் சூடாக்குகிறது’ என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிக்கொண்டு போவார். அந்தப் புகை மூட்டக்காரரின் நுரையீரலைக் கெடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதிலுள்ள கரி, கண்மாய்க்கரையில் நின்ற மரம் பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் காற்றிலிருந்து வாங்கியது. மூட்டம் போட்ட இடத்தில் மரம் மீண்டும் தழைத்தால், போன கரி அநேகமாகத் திரும்பி வந்துவிடும். அந்தக் காரின் பெட்ரோலிலும், அவர் வீட்டுக் குளிர்சாதனத்தை ஓட்டும் மின்சாரத்துக்காக எரியும் நிலக்கரியிலும் உள்ள கரியோ வேறு வரலாறு உடையது. ஒடிசாவின் தால்ச்சேர்ச் சுரங்கங்களில் வெட்டப்பட்டு, பாராதீப் துறைமுகத்திலிருந்து கப்பலேறித் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு வந்து சேரும் நிலக்கரி, மனிதனோ ஆனையோ தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னே, ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் புதைந்துபோன காடு. அந்தக் கரி காற்றின் கணக்கிலிருந்து நீங்கி யுகங்கள் ஆகிவிட்டன, அதைத் தோண்டி எரிக்கும்போது, இல்லாத ஒன்றைப் புதிதாகக் காற்றில் சேர்க்கிறோம்.

கண்மாயை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மழைநீர் வரத்துக்கால் வழியாக வந்து, மடை வழியாக வயலுக்குப் போய், மிகுந்தது கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு இறங்கும்வரை கரைக்கு அபாயமில்லை. எங்கோ கிடந்த ஓர் ஆற்றையே வெட்டித் திருப்பி இரவும் பகலும் அதே கண்மாயில் விட்டுக்கொண்டிருந்துவிட்டு, கரை உடையாமலிருக்க ஊரார் ஆளுக்கொரு கலயம் கொண்டுவந்து இறைக்க வேண்டும் என்று தண்டோரா போடுகிறவனை, வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி ஒருவனாவது மதிப்பானா? கலயம் நல்ல பாத்திரம்தான். வெட்டிவிட்ட வாய்க்காலை அடைக்கச் சொல்லாமல் கலயத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவரிடம்தான் நமக்குத் தகராறு.

இந்தக் கலயத்தின் கொள்ளளவையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். நன்றாக வளர்ந்த மரமொன்று ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை உட்கொள்ளும் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். நிலக்கரியைக் கொண்டு ஒரு யூனிட் மின்சாரம் செய்யும்போது சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. 1979-இல் முதல் உற்பத்திப் பிரிவோடு தொடங்கிப் பின்பு ஐந்து பிரிவுகளாக வளர்ந்த தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முழுத் திறன் 1,050 மெகாவாட். அது முழுத் திறனோடு ஒரு நாள் இயங்கினால் 252 லட்சம் யூனிட். அந்த ஒரே நாளின் புகையைக் கிரகிக்க 12 லட்சத்துக்கு மேற்பட்ட வளர்ந்த மரங்கள் ஓராண்டு முழுவதும் உழைக்க வேண்டும். நிலையம் பழையது, பாதித் திறனில்தான் ஓடுகிறது என்று கழித்துக்கொண்டாலும், ஆண்டுக் கணக்கு 20 கோடி மரங்களைத் தாண்டும். ஏக்கருக்கு 400 மரம் என்று நெருக்கி நட்டால், விருதுநகர் மாவட்டத்தின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் மரமாகிவிடும். வயலும் வீடும் தீப்பெட்டி ஆபீஸும் மிச்சமுள்ள பாதியில் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். இது ஒரேயொரு பழைய மின்நிலையத்தின் கணக்கு. மின்சாரம் ஒரே வலைப்பின்னலில் ஓடுவதால், கிருஷ்ணன்கோவிலின் விளக்கில் எரிவது தூத்துக்குடியின் கரியா, வடசென்னையின் கரியா, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியா என்று பிரித்துச் சொல்லவும் இயலாது.

மரம் நடுவிழாக்களின் கணக்கைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். இன்ன கல்லூரி, இன்ன சங்கம் என்று குறிப்பிட வேண்டாம். எல்லா இடத்திலும் ஒரே சம்பிரதாயம். ஷாமியானா பந்தல், பொன்னாடை, ஒலிபெருக்கி, மின்தடைக்கு அஞ்சிப் பந்தலின் பின்னால் டீசல் ஜெனரேட்டர். மதுரையிலிருந்து விருந்தினர்கள் பத்துக் கார்களில் வந்து திரும்பினால், போகவர 120 கிலோமீட்டர், காருக்குப் பத்து லிட்டர் வீதம் 100 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 230 கிலோ கரியமில வாயு. நடப்படும் கன்றுகளோ முதல் சில ஆண்டுகளில் பேர் சொல்லும்படியாக எதையும் உட்கொள்வதில்லை. அவற்றைச் சுற்றி நிறுத்தப்படும் இரும்புக் கூண்டில் நன்கொடையாளரின் பெயர் கன்றைவிட உயரமான எழுத்தில் பெயிண்ட் அடித்திருக்கும். அடுத்த கோடை முடிந்து பார்த்தால், கூண்டு இருக்கும், பெயர் இருக்கும், உள்ளே ஆடு மேய்ந்த குச்சி ஒன்று நிற்கும். மறு ஜூலையில் அதே குழியில் இன்னொரு கன்றை வேறொரு பிரமுகர் நடுவார். அந்தக் கூண்டு செய்த இரும்பை உருக்க எரிந்த கரியை யாரும் எண்ணுவதில்லை.

மரம் எதுவானாலும் நன்மை என்ற நம்பிக்கையை இந்த மாவட்டத்தார் கைவிட்டிருக்க வேண்டிய காரணம் ஒன்று அவர்கள் கண்ணெதிரிலேயே முள்ளோடு நிற்கிறது. அமெரிக்கக் கண்டத்து வறள்நிலங்களில் பிறந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை ராஜதானிக்குள் புகுந்து, சுதந்திரத்துக்குப் பின் வேலிக்கும் விறகுக்கும் உகந்தது, பாலையையும் பசுமையாக்குவது என்று தென்மாவட்டங்களில் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம், இன்று கண்மாய்களின் உள்வாயையும் வரத்துக்கால்களையும் கைப்பற்றிக்கொண்டு, மழை பெய்தாலும் தண்ணீர் நிற்க இடமில்லாதபடி செய்துவிட்டது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றும்படி உத்தரவிட, பிறகு அந்த உத்தரவே வழக்குகளில் சிக்கிக்கொண்டது. மேலே கொடைக்கானலிலும் நீலகிரியிலும், நீரைச் சேமித்துச் சிற்றோடைகளுக்கு விட்டுக்கொண்டிருந்த புல்வெளிகளில் வாட்டில் மரத்தையும் தைல மரத்தையும் நட்டு வனம் வளர்த்ததாக எண்ணியவர்களும் இந்த வகையினரே. நட்ட மரத்தைப் பிடுங்குவதற்கு நாம் இப்போது செலவிடும் பணம், மரம் நடுவதே புண்ணியம் என்ற சூத்திரத்துக்கு நாம் கட்டும் அபராதம்.

‘அதெல்லாம் இருக்கட்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குள் நுழைந்ததும் உடம்பு குளிர்கிறதே, அது பொய்யா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பிரத்தியட்சத்தை மறுக்க நாம் யார்? நிழலும், இலைகள் விடும் நீராவியும் அந்த இடத்தின் உஷ்ணத்தைச் சில டிகிரி குறைக்கும். தெருவோர வேம்புக்கும் புளிக்கும் அந்தச் சக்தி உண்டு. அவற்றை வெட்டிச் சாலை அகலப்படுத்தும்போது ஊரார் முணுமுணுப்பது முற்றும் நியாயம். ஆனால் தோப்பின் குளிர்ச்சி தோப்போடு முடிகிறது. பூமி முழுவதையும் போர்த்திக்கொண்டிருக்கும் கரியமில வாயுவின் அளவு தோப்புக்கு உள்ளும் வெளியும் ஒன்றே. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அது, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது 315 ஆகி, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியிடுவதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கடலும் காடும் தாவரங்களும் உறிஞ்சிக்கொண்டு வருகின்றன. அவ்வளவு உறிஞ்சியும் மிஞ்சியதுதான் இந்த ஏற்றம். காடழிப்பும் அதில் ஒரு பங்காளிதான். ஆனால் மனிதன் இக்காலத்தில் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவில் அதன் பங்கு ஏறக்குறையப் பத்தில் ஒன்று. மீதி ஒன்பது பங்கும் நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு, சிமெண்டு. பத்தில் ஒன்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு ஒன்பதைச் சாட்சியாகக்கூட அழைக்காத விசாரணை எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் செல்லாது.

இதெல்லாம் யுகதர்மம், சூரியனின் போக்கு, எரிமலைகளின் வேலை என்று கையை விரிக்கும் இன்னொரு கூட்டத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. சூரியன் காரணமானால் மேல் வாயுமண்டலமும் சூடாக வேண்டும், அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. எரிமலைகள் ஆண்டுதோறும் விடும் கரியமில வாயு, மனிதன் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காற்றில் கூடியுள்ள கரி புதைபடிவ எரிபொருளிலிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கரியே சாட்சி: உயிருள்ள மரத்தில் இருக்கும் கதிரியக்கக் கரி, கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் எஞ்சியிராது, காற்றில் அந்தக் கதிரியக்கக் கரியின் விகிதம் குறைந்து வருவதை ஹான்ஸ் சூஸ் 1955-இலேயே காட்டிவிட்டார்.

இவர்களைக் காட்டிலும் மதிக்கத்தக்க எதிர்வாதம் ஒன்று உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளாகக் கரியை எரித்துக் கொழுத்தவர்கள் மேல்நாட்டார். இந்தியனின் தலைக்கு விழும் கரியமில வாயு உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. அமெரிக்கன் விட்டதை அவனே வாரட்டும், ராஜபாளையத்து மில்லை ஏன் குறை சொல்கிறீர்கள் என்பது அது. இதில் நியாயம் இருக்கிறது. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான உடன்படிக்கையே பொறுப்பு பொதுவானது, ஆனால் சமமானதன்று என்று ஒப்புக்கொண்டது. அந்த நியாயத்தை டில்லியிலும் உலக மாநாடுகளிலும் உரத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை. ஆனால் அதே வாதத்தைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் மரக்கன்றை நீட்டுவதுதான் விசித்திரம்: குற்றம் எங்களுடையது அல்லவென்றால் பிராயச்சித்தம் எதற்கு? குற்றத்தில் பங்குண்டு என்றால் பிராயச்சித்தம் ஏன் இவ்வளவு மலிவாக இருக்கிறது? மேலும், தலைக்கணக்கில் குறைந்த நாம் மொத்தக் கணக்கில் உலகில் மூன்றாவது இடத்தில் இருக்கிறோம். 2070-க்குள் நிகரக் கணக்கைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் வாக்குக் கொடுத்ததும் நாமே. அந்த வாக்கைக் கன்று நட்டு நிறைவேற்ற நிலம் போதாது என்பதை மேலே கண்டோம்.

விளைவுகளோ மேல்நாடு கீழ்நாடு பார்த்து வருவதில்லை. 2024-ஆம் ஆண்டு, அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து மிக வெப்பமான ஆண்டு. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை நிறுவனம் அறிவித்தது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். ஆகவே மழை இல்லாத நாட்கள் நீளும். பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்தக் கரையோரத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். 2015 மே மாதத்தில், அமாவாசைக்குச் சதுரகிரி மலையேறிய பக்தர்கள், ஓடையில் திடீரென்று இறங்கிய காட்டாற்று வெள்ளத்தில் சிக்கி மாண்டார்கள். அதற்குப் பிறகே மலையேறும் நாட்களுக்குக் கட்டுப்பாடுகள் இறுகின. தனியொரு வெள்ளத்தின் மேல் பூமியின் உஷ்ணத்தைச் சுமத்துவது நியாயமான விசாரணை ஆகாது. நாம் அப்படிச் சுமத்தவுமில்லை. ஆனால் அந்த ஓடையின் இருகரையிலும் அடர்ந்த வனம் இருந்தது என்பதை, மரம் இருந்தால் வெள்ளமும் வராது வறட்சியும் வராது என்கிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சூடேறும் பூமியில் வனமே முதற்பலி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் பற்றிய தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலும் கோடைதோறும் தீக்கோடுகள் இரவில் ஊரிலிருந்தே தெரிகின்றன. நம் கரியைச் சேமித்து வைக்கும்படி நாம் கொடுத்து வைத்த மரம் ஒரே இரவில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. புதையுண்ட நிலக்கரியோ, தோண்டாத வரையில், தீப்பற்றி நம்மிடம் திரும்புவது மிக அரிது.

அப்படியானால் மரமே நட வேண்டாமா என்று கேட்டால், நட வேண்டும். ஆனால் வேறு காரணங்களுக்காக, வேறு இடங்களில். 1988-இல் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாக உயர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் அடிவாரத்தில், சாம்பல் நிற மலை அணில் தரையிறங்காமல் கிளைவிட்டுக் கிளை தாவி ஓடையோரமாகப் போகிறது. இடையில் ஒரு மரம் விழுந்தாலும் அதன் வழி அறுந்துபோகும். அந்த அணிலின் வழிக்காக நாவலும் மருதும் புளியும் நடுங்கள். மாவட்டத்தின் கண்மாய்க்கரைகளில் பனை வையுங்கள், கரை நிற்கும். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் கிழவிக்காக நிறுத்தத்தில் வேம்பு வையுங்கள். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய பசுமை இயக்கம் மரப்பரப்பை நூற்றுக்கு 33 ஆக உயர்த்த விரும்புவதையும் இந்தக் காரணங்களுக்காக வரவேற்கலாம். மின்நிலையத்தின் புகைபோக்கிக்குப் பரிகாரம் என்று மட்டும் அதைக் கணக்கெழுதாமலிருந்தால் போதும்.

புகைபோக்கிக்குரிய பரிகாரம் புகைபோக்கியிடமே இருக்கிறது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய மில்லிலிருந்து பெருகிய ராஜபாளையத்து நூற்பாலைகள் இரவும் பகலும் கதிர்களைச் சுழற்றுகின்றன. ஒரு கிலோ நூலுக்கு, நூலின் நம்பரைப் பொறுத்து, மூன்றோ நான்கோ அதற்கு மேலோ யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த மின்சாரம் கரியிலிருந்து வந்தால், நூலின் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு கரியமில வாயு நூலோடு கூடவே நூற்கப்படுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் இறங்கும் காற்றை உபயோகித்து மின்சாரம் எடுக்கலாம் என்பது இங்கே புதிய செய்தியன்று; 1986-இலேயே தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன; பிறகு முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் எழுந்த காற்றாலைகளில் கணிசமானவற்றைத் தமிழ்நாட்டு நூற்பாலைக்காரர்களே வாங்கிப் போட்டார்கள். பூமியின் மேல் கருணை கொண்டு அவர்கள் அதைச் செய்யவில்லை. மின்வெட்டும் மின்கட்டணமும் அவர்களை அந்த வழியில் தள்ளின. வன மகோத்சவ மேடைகள் எழுபத்தைந்து ஆண்டுகளில் குறைத்ததைவிட அந்த வியாபாரக் கணக்கு அதிகக் கரியைக் குறைத்திருக்கும் என்பது நம் துணிபு. காற்று ஓய்ந்த மாதங்களுக்கு வெயில் இருக்கிறது. வெயில் ஓய்ந்த இரவுகளுக்கு மின்சாரத்தைச் சேமிக்கும் ஏற்பாடு வேண்டும். அங்கேதான் பணமும் புத்தியும் தேவைப்படுகின்றன, அங்கேதான் மேடைகள் மௌனம் சாதிக்கின்றன.

சிமெண்டின் விஷயம் இன்னும் கடினம். விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் வழியில், துலுக்கப்பட்டிக்கு அருகிலுள்ள ராமசாமி ராஜா நகரில் 1960-களின் தொடக்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமெண்டு செய்கிறார்கள். எந்த ஊர் ஆலையானாலும் ரசாயனம் ஒன்றுதான்: சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால், அடுப்பில் எரித்தது எதுவானாலும், கல்லிலிருந்தே 44 கிலோ கரியமில வாயு வெளியேறிவிடும். அடுப்பை வெயிலால் மூட்டினாலும் இந்த 44 கிலோவைத் தவிர்க்க முடியாது. சுட்ட கல்லைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கலந்து அரைப்பது ஒரு வழி. அதை ஆலைகள் செய்துகொண்டுதான் இருக்கின்றன. கட்டுகிறவர் தம் வீட்டுக்கு வேண்டிய அளவுக்கு மேல் கான்கிரீட் கொட்டாமலிருப்பது இன்னொரு வழி. புதுமனை புகும் அன்று வாசலில் இரண்டு தென்னங்கன்றை வைத்துவிட்டுச் சமன் செய்துவிட்டதாக எண்ணுவது எந்த வழியிலும் சேராது.

இவ்வளவும் கடினமான காரியங்கள். கன்று நடுவது எளிய காரியம். யாருடைய லாபத்திலும் கை வைக்காது, யாருடைய வசதியையும் குறைக்காது, எந்த அதிகாரியையும் பகைத்துக்கொள்ளாது, புகைப்படத்தில் நன்றாக விழும். இந்த அபிப்பிராயம் செல்வாக்குப் பெற்றதற்கு அதன் உண்மையைக் காட்டிலும் அதன் சௌகரியமே காரணம் என்பது நம் முடிவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பின் முன் வியர்த்துக்கொண்டு, இரும்புச் சட்டியில் பால் சுண்டித் திரளும்வரை துடுப்பால் கிண்டிக்கொண்டிருக்கும் பால்கோவாக்காரரின் புகை எல்லார் கண்ணிலும் படுகிறது. அதே பாலைக் குளிர வைக்கும் கிடங்கின் மின்சாரத்துக்கு எங்கோ எழும் புகை யார் கண்ணிலும் படுவதில்லை. கண்ணில் படாத புகையைப் பேச்சிலாவது கொண்டுவர வேண்டும்.

அதற்கு ஒரு சிறு ஏற்பாட்டை இந்த வட்டாரத்துக் கல்லூரிகளும் ஆலைகளும் நகராட்சிகளும் அடுத்த ஆண்டறிக்கையிலேயே செய்யலாம். விருதுநகர் மாவட்டத்துக்கென்று அரசு கரிமக் குறைப்புத் திட்டம் வகுத்திருக்கிறது. ராஜபாளையத்தைக் கரிமச் சமநிலை நகராக்குவது பற்றியும் சில ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. ஆண்டறிக்கைகளிலோ ‘இவ்வாண்டு நடப்பட்ட மரக்கன்றுகள்’ என்று ஓர் எண் தவறாமல் அச்சாகிறது. அதன் கீழேயே, சென்ற ஆண்டு நட்டவற்றுள் இன்று உயிரோடிருப்பவை எத்தனை, மின்வாரியத்திடமிருந்து வாங்கிய யூனிட் எத்தனை, சொந்த வெயிலிலும் காற்றிலும் எடுத்தது எத்தனை, வண்டிகளுக்கும் ஜெனரேட்டருக்கும் ஊற்றிய டீசல் எத்தனை லிட்டர் என்று நான்கு எண்களையும் சேர்த்து அச்சிடட்டும். இதற்காக யாரும் ஆராய்ச்சி நடத்த வேண்டியதில்லை. கன்றுகளைத் தோட்டக்காரர் எண்ணிச் சொல்லிவிடுவார், கட்டணச் சீட்டும் பங்க் ரசீதும் கணக்குப்பிள்ளையின் மேசையிலேயே கிடக்கின்றன.